வீட்டுக்கோழி சும்மா வளருமா?

கிராமத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "கோழிக்கு என்னங்க செலவு? அது பாட்டுக்கு மேஞ்சுட்டு சாயங்காலம் வந்து அடையுது" என்பார்கள். இப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளையாகத்தான் இருப்பார் :) காலையில் திறந்துவிடுவது, சாயங்காலம் எண்ணி அடைப்பது, பக்கத்து வீட்டுக் கத்தரி நாற்றைக் கிளறியதற்குத் திட்டு வாங்குவது எல்லாம் அந்த வீட்டு அம்மாவோ பாட்டியோதான். அவர்களுக்குக் கூலி கிடையாது. அதனால் கோழிக்குச் செலவே இல்லை என்று கணக்கு முடிந்துவிடுகிறது.

வரவு விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மாடு விற்ற காசு, ஆடு விற்ற காசு எல்லாம் குடும்பக் காசு. ஆனால் முட்டை விற்றதும் சேவல் விற்றதும் அந்த அம்மாவின் சொந்தக் காசு. அஞ்சறைப் பெட்டிக்கோ சுருக்குப் பைக்கோ போய்ச்சேரும். பேரனுக்கு நோட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை, மாதச் சீட்டு, திடீரென்று வரும் காய்ச்சலுக்கு மாத்திரை... யாரிடமும் கை நீட்டாமல் நடக்கும் காரியங்கள் இவை. நான்கு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தால் அவர் கையில் ஒரு சின்ன வங்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வங்கி எப்படி நடக்கிறது, ஏன் சில வருடங்களில் ஒரே வாரத்தில் திவாலாகிறது என்பதுதான் விஷயம்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். நாமக்கல் என்றதும் ஹாஸ்டல் ஆம்லெட் கூட்டத்துக்கு முட்டைப் பண்ணைகள் ஞாபகம் வரும். அங்கே கூண்டுகளில் இருக்கும் வெள்ளைக் கோழிகள் லெகார்ன் வழியில் வந்தவை. வருடத்துக்கு முந்நூறு முட்டை வரை போடும், ஆனால் அடைக்கு உட்காராது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி அந்தக் குணத்தையே எடுத்துவிட்டார்கள். அதே ஊர்ப் பக்கத்தில் நம் அம்மாயி வீட்டு நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும். வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு. மொத்தமே அறுபது எழுபதைத் தாண்டினால் பெரிய விஷயம். ஆனால் அதற்கு இன்குபேட்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். அதுவே இன்குபேட்டர்!

கோழி அடைக்கு வந்துவிட்டது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலி இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. கையைக் கொண்டுபோனால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு "கொர்ர்" என்று கொத்த வரும். உடனே அம்மாயி பழைய கூடையில் மணலோ சாம்பலோ போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்குவார். முட்டையில்தான் சூட்சுமம். ரொம்பப் பெரியதும் ஆகாது, ரொம்பச் சின்னதும் ஆகாது. ஒரு வாரம் பத்து நாளுக்குள் வைத்த முட்டையாக இருக்க வேண்டும், கோடையில் அதுவும் தாங்காது. தண்ணீரில் கழுவக் கூடாது, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும். தன் வீட்டு முட்டை போதவில்லை என்றால் தெருவில் கேட்பார்.

"ஏனுங்க்கா, அடைக்கு அஞ்சாறு முட்டை கெடைக்குமுங்களா? உங்கூட்டு கருஞ்சேவ நல்லா வாட்டசாட்டமா இருக்குதுங்."

"எடுத்துக்க கண்ணு. காசெல்லாம் வேண்டாம், பொரிச்சா ஒரு வெடக்கோழி குடுத்துரு."

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது. ஒரே சேவலின் வாரிசுகளே திரும்பத் திரும்பச் சேர்ந்தால் குஞ்சுகள் சோடை போகும். அடுத்த தெரு முட்டை, அடுத்த ஊர்ச் சேவல் என்று மாற்றினால் ரத்தம் புதுசாகிறது. 

கூடைக்குள் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் போடுவதையும் பார்க்கலாம். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்கவாம்! இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்று அம்மாயியிடம் வாதாடிப் பயனில்லை. ஆணியால் கெடுதல் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

அடுத்த 21 நாள் கோழி செய்வது தவம்தான். நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் போல இறங்கி, அவசர அவசரமாகத் தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, திரும்ப வந்து உட்காரும். முட்டைகளை அலகால் உருட்டி உருட்டித் திருப்பிவிடும். திருப்பாவிட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடுவது தெரியும். ஒன்றுமே தெரியாமல் வெறுமனே பளிச்சென்று இருந்தால் அது கரு கூடாத முட்டை. இப்படிப்பட்ட முட்டையும், கரு பாதியில் செத்து அழுகிப்போனதும்தான் கூமுட்டை. (வகுப்பில் ஒருவரை ஒருவர் அன்போடு அழைத்துக்கொள்ளும் சொல்லின் பூர்வீகம் இதுதான் நண்பர்களே!)

இருபதாம் நாள் காதருகே வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்து "கீச்" சத்தம் கேட்கும். குஞ்சின் அலகு நுனியில் ஒரு சின்ன முள் இருக்கும். அதால் ஓட்டைக் குத்தி வெளியே வரும், சில நாளில் அந்த முள்ளும் உதிர்ந்துவிடும். ஓட்டை விழுந்த பிறகு மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பார்க்கிறவர்களுக்குக் கை பரபரக்கும், ஓட்டைப் பிய்த்துவிடலாமா என்று. கூடவே கூடாது. உள்ளே சவ்விலுள்ள ரத்தம் இன்னும் குஞ்சுக்குள் போய்க்கொண்டிருக்கும். மீதி மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் அது வெளியே வருகிறது. அந்த மஞ்சள் கருதான் முதல் இரண்டு நாள் சாப்பாடு. ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் போட்டு லாரியிலும் விமானத்திலும் அனுப்ப முடிவதும் இதனால்தான்.

தாய் இல்லாத குஞ்சுகளை வாங்கி வளர்ப்பவர்கள் பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் போல வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் கூட வேண்டாம், குஞ்சுகளே சொல்லும். பல்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. 

இந்த இடத்தில் அந்தக் கலர்க் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவிழாவிலும் தெருவிலும் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் பூசிக் கூவி விற்பார்களே, அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையும் போடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது. அதனால் பண்ணைக்கு அவை கழிவு. சிறுபிள்ளைகள் வாங்கி வந்து, ராத்திரி சூடு இல்லாத அட்டைப் பெட்டியில் வைத்து, காலையில் அழுவார்கள். குழந்தை கை பட்டதால் செத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இல்லை, பெரும்பாலும் குளிரில்தான் செத்திருக்கும்.

தாய்க்கோழி இருந்தால் பல்பு கவலை இல்லை. ஆனால் வேறு கவலைகள் வரிசையில் நிற்கும். மேலே பருந்து, வல்லூறு, காக்கை. கீழே கீரி, பூனை, நாய், பாம்பு. தாய்க்கோழி வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரை எதிரிக்கு ஒரு குரல் என்று தனித்தனியாகக் கொடுக்கும். வானத்துக் குரல் வந்த அடுத்த நொடி குஞ்சுகள் காணாமல் போகும், எல்லாம் சிறகுக்குள்! ஆனாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்தங்கும் ஒரு குஞ்சு எந்தக் கூட்டத்திலும் உண்டு. அதற்காகத்தான் பஞ்சாரம். மூங்கில் பஞ்சாரத்துக்குள் தாயையும் குஞ்சுகளையும் போட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல். அதிலும் நெருக்கடி ஆகக் கூடாது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழிக்குச் சரி, குறுகலான பஞ்சாரத்தில் சாகும். தண்ணீர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ஆழமான கிண்ணம் வைத்தால் விழுந்து சாகும். கொட்டாங்கச்சியில் கூழாங்கல் போட்டு வைப்பது நல்லது.

தீனிக்கு நொய்யும் கம்பும் மட்டும் போதாது, வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அதற்குக் கறையான். ஒரு பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் போதும். காலையில் எடுத்துத் தட்டினால் கொத்துக் கொத்தாகக் கறையான் விழும். குஞ்சுகள் பாயும் வேகத்தைப் பார்க்கவே நேரம் போவது தெரியாது. கடைத் தீவனம் வாங்கிப் போடுவதைவிட இதில் கெட்டிக்காரத்தனம் அதிகம்.

இவ்வளவு பார்த்தும், பத்துக் குஞ்சு பொரித்த இடத்தில் ஐந்தாறு தேறினால் அம்மாயிக்குத் திருப்திதான். பருந்து தூக்கினது ஒன்று, கீரி கடித்தது ஒன்று என்று விரல்விட்டுச் சொல்வார். அந்த நஷ்டம் அவருக்குப் பழகிப்போன நஷ்டம். பழகாதது வெள்ளைக்கழிச்சல்.

ஒரு நாள் ஒரு கோழி மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மறுநாள் மூன்று கோழி. சிலது கழுத்து திருகி, கால் இழுத்துக்கொண்டு கிடக்கும். நான்கைந்து நாளில் கூடு காலி. புத்தகத்தில் இதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். குமாவுன் மலையிலுள்ள ராணிகேத் ஊரில் 1920களின் கடைசியில் கண்டதால் இந்தியாவில் அந்தப் பெயர். வெளிநாடுகளில் நியூகாசில் நோய் என்பார்கள், இங்கிலாந்தின் நியூகாசிலில் 1926-ல் கண்டதால். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், பாவம். சாதாரண அஜீரணத்துக்கு அது ஏதாவது செய்யலாம், இந்த வைரஸை நிறுத்தாது.

பரவுவது எப்படி என்று பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கும். தெருவில் நோய் என்று தெரிந்ததும் கோழி வியாபாரி வண்டியில் கூண்டைக் கட்டிக்கொண்டு வருவார். பாதி விலை. செத்தால் அதுவும் இல்லையே என்று அம்மாயி இருக்கிறதைக் கொடுத்துவிடுவார். தவறு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, கையிலிருக்கும் காசு கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கூண்டு, அந்த எச்சம், அந்தச் சக்கரம் எல்லாம் அடுத்த ஊருக்குப் போகிறது. செத்த கோழியைப் புதைக்காமல் ஓடையில் வீசினால் நாய் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் தடுப்பு மருந்து உண்டு, விலையும் மலிவு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வார வாக்கில் இறக்கைக்குக் கீழே ஒரு ஊசி. அப்புறம் ஏன் சாகிறது? மருந்து பாட்டிலைப் பாருங்கள், விடை அதில் இருக்கிறது. ஒரு பாட்டில் நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்றுதான் வரும். பண்ணைக்காரருக்காக ஆன அளவு அது. ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், கொண்டுவரும்போது ஐஸ் வேண்டும், கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் அம்மாயி எங்கே போவார்? கோழியைக் கூடையில் போட்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால், பஸ் காசே கோழி விலையில் ஒரு பங்கு. 

கால்நடைத் துறை வருடா வருடம் பிப்ரவரியில், கோடை தொடங்குமுன், இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, நல்ல விஷயம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீனி போலக் கொத்தித் தின்னும் குருணை வடிவத்திலேயே ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. வீட்டுக்கோழியை மனதில் வைத்துச் செய்தது. இந்த மாதிரி மருந்து கிராமத்து மளிகைக் கடை வரை வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதுவரை இருக்கிற வழி, தெருவே சேர்ந்து ஒரு பாட்டில் வாங்குவது. இருபது வீடு சேர்ந்தால் நூறு கோழி சுலபமாகத் தேறும். 

ஆனால் நேரம் பார்க்க வேண்டும். பகலில் ஊசி போட வந்தால் கோழி காட்டில் இருக்கும். துரத்திப் பிடிப்பதற்குள் கலக்கிய மருந்து கெட்டுவிடும். இருட்டிய பிறகு, அல்லது விடியுமுன் கூட்டைத் திறக்காமல் இருந்தால்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க முடியும். இதைத் தெரிந்தவர் அம்மாயிதான். அதனால் முகாம் தேதியை அவரிடம் கேட்டு வைப்பது நல்லது, நேரத்தையும்தான். அப்படியே முருங்கை மரத்து உச்சியில் ஏறித் தூங்கும் அந்த நாலைந்து சேவலை எப்படி இறக்குவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம், அதற்கு ஒரு தொரட்டி வைத்திருப்பார்.