பொருந்துவதும் பொறுப்பதும்

கடந்த ஆண்டு பாராடாங்கில் மாமாவின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அவரிடம் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று உள்ளது. வில்லிஸ் வடிவமைப்பை உரிமம் பெற்று இந்தியாவில் செய்த காலத்தது. அதைப் பழைய நிலைக்கு மீட்கும் வேலையில் அவர் இருந்தார். கடற்காற்று தின்றதில் பல போல்ட்டுகளின் தலைகள் ஸ்பேனருக்குப் பிடிகொடாமல் உருண்டுபோயிருந்தன. உலோக அரிமானத்தை ஆய்வு செய்பவன் என்பதால், மாற்று போல்ட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதற்சிக்கல் மரை. அந்த ஜீப் அங்குலக் கணக்கில் ஆனது. இன்று கடைகளில் எளிதில் கிடைப்பவை மெட்ரிக். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. 8 மி.மீ. போல்ட்டின் அருகில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் 8 மி.மீ. போல்ட்டில் வழக்கமான மரை இடைவெளி 1.25 மி.மீ.; அங்குலத்துக்கு 24 மரை கொண்டதில் 1.06 மி.மீ. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று உள்ளே சென்று இறுகும். அதைப் பிடிப்பென்று நம்பி மேலும் முறுக்கினால் மரை அழியும். ஆகவே ஒவ்வொன்றையும் மரை அளவியால் சோதித்தேன். பழைய வில்லிஸ் வண்டிகளின் இடப்பக்கச் சக்கரங்களில் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை மாமா சொல்லித்தான் அறிந்தேன்.

அடுத்தது உலோகம். இங்கேதான் தவறினேன். துருவை மட்டுமே எண்ணி, ஸ்டீயரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்திலும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளையே பூட்டினேன்.

"எவர்சில்வர் பாத்திரத்துக்குச் சரி மாப்பிள்ளை, இதுக்கு ஆகுமா?" என்று மாமா கேட்டார். குரோமிய ஆக்சைடுப் படலத்தைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அவர் வாதிடவில்லை.

இறுக்கிய போல்ட் இழுத்துவைத்த சுருள்வில்லைப் போன்றது. சிறிதளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயலும் விசையால்தான் அது இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. தலையில் 8.8 எனப் பொறித்த எஃகு போல்ட் ஏறத்தாழ 640 மெகாபாஸ்கல் வரை நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். தலையில் மூன்று கோடுகள் உள்ள அங்குல போல்ட் அதற்கு நிகரானது; கழற்றியவை அவ்வகையே. நான் பூட்டிய ஏ2-70 வகைக்கு எல்லை 450. துருப்பிடிக்காத எஃகின் மரைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பதால் கிரீஸும் தடவியிருந்தேன். உராய்வு குறைந்ததால் அதே முறுக்குவிசை இன்னும் அதிகமாக இழுத்தது. போல்ட்டுகள் நிரந்தரமாக நீண்டு பிடியிழந்தன.

ஒரு வாரம் கழித்துத் தலைநகருக்குப் புறப்பட்டோம். படகுத்துறை வரிசையில் ஸ்டீயரிங் தளர்ந்திருப்பதை மாமாவின் கை உணர்ந்தது. நீரிணையைக் கடந்தால் ஜாரவா காப்பகத்தின் ஊடே சுமார் 50 கிலோமீட்டர் சாலை. அணிவகுப்பாகச் செல்லும் வாகனங்கள் அங்கே நிற்கக் கூடாது. வெளியார் நெருக்கம் அம்மக்களுக்கு நோயாகக்கூடும். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காப்பகத்தின் ஊடே செல்லும் அச்சாலைப் பகுதிகளை மூட 2002-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. வாகனங்கள் இன்றும் ஓடுகின்றன. அந்தக் காட்டில் எங்கள் ஜீப் நின்றிருந்தால், என் தவறின் விலையை நான் மட்டும் கொடுத்திருக்க மாட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார்.

பின்னர் அதே அங்குல மரையில், மூன்று கோடுகள் உள்ள, துத்தநாகம் பூசிய போல்ட்டுகளை வரவழைத்துப் பூட்டினோம். அவை துருப்பிடிக்கும், ஆண்டுதோறும் பார்த்து மாற்ற வேண்டும். அதனினும் வலியவற்றைப் போட்டால் கவலை தீரும் என்பதும் இல்லை: 12.9 போன்ற மிகுவலுப் போல்ட்டுகள் உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் ஹைட்ரஜனால் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். துருப்பிடிக்காதவை இப்போது மட்கார்டிலும் எண்பலகையிலும் இருக்கின்றன.

ஒரு போல்ட்டை மாற்றுமுன் அது அங்கே எந்தச் சுமையைப் பொறுத்தது என்று கேட்க வேண்டும். எதனால் கெட்டது என்பது அடுத்த கேள்வி. நான் இரண்டாவதை மட்டும் கேட்டேன். என் ஆய்வேட்டிலும் அரிமான வீதங்கள் நிறைய உள்ளன. அந்த உலோகம் சுமக்கும் சுமை பற்றி ஒரு பத்திகூட இல்லை. இப்போது அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.