நூலிழைக் கால்கள்

என் தமக்கையின் பேரன் வயலோரக் குட்டையிலிருந்து அள்ளி வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்த்த தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால்கள் முறையாகவே முளைத்தன. ஆனால் முன்னங்கால்கள் வெளிப்பட்ட சமயத்தில், அவற்றுள் பல நூலிழைபோல் மெலிந்து, மடங்காமல் விறைத்து, உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாதவையாய் இருக்கக் கண்டோம். விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற அத்தான், தொட்டியை எட்டியும் பாராமல், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "வயலுக்கு அடிக்கிற மருந்துதானப்பா, வேறென்ன?" என்று தீர்ப்பளித்துவிட்டார். அது பொய்யென்று நான் கருதவில்லை. எந்தப் பிராணியின் எந்த விகாரத்துக்கும் அந்த ஒரே தீர்ப்பு பொருந்திவிடுகிறதே என்பதுதான் என்னை உறுத்தியது.

தேடப் புகுந்த என்னை முதலில் ஆட்கொண்டவர் ழான் ரோஸ்தான். 'சிரானோ' நாடகம் இயற்றிய எட்மண்ட் ரோஸ்தானின் புதல்வர், பிரெஞ்சு அகாதெமியில் ஆசனம் பெற்றவர். அத்தகையவர், பிரிட்டனிக் கடலோரத்துக் குளமொன்றில் விரல்கள் மிகுந்த தவளைகளையும், பின்னங்கால் குறுகி வீங்கி விரல்கள் கொத்தாய் மண்டிய தலைப்பிரட்டைகளையும் கண்ட பிற்பாடு, அந்தப் புதிரைப் பல்லாண்டு காலம் விடவேயில்லை. பரம்பரைக் குற்றமோ என்று ஐயுற்று, விரல் மிகுந்த தவளைகளையே இனஞ்சேர்த்துப் பார்த்தார். பிறந்த குஞ்சுகளோ குறையின்றி வளர்ந்தன. ஆகவே காரணம் இரத்தத்தில் இல்லை, குளத்தில் இருக்கிறது என்பது வரையில் அவர் அடைந்த நிச்சயம் அசைக்க முடியாதது.

அதற்கு அப்பால்தான் முட்டுச்சந்து. மீன்கள் பரப்பும் ஏதோ ஒரு வைரஸ் என்பது அவருடைய அனுமானம். அந்த வைரஸ் கண்ணில் படவேயில்லை. எனினும் 1971இல் இந்தக் குளங்களின் சரித்திரத்தைத் தனி நூலாகவே எழுதிவிட்டு, 1977இல் விடை காணாமலே மறைந்தார். அவர் ஏன் மீன்களையே பற்றிக்கொண்டார் என்ற யோசனையில் நானும் வேண்டிய மட்டும் அலைந்தேன். வெகு காலத்துக்குப் பின் ருஷ்ய விஞ்ஞானிகள், நத்தைகளினின்று வெளிப்பட்டுத் தலைப்பிரட்டையின் உடலைத் துளைத்துப் புகும் 'ஸ்ட்ரிஜியா ரொபஸ்டா' என்னும் ஒட்டுண்ணிப் புழுவே காரணமென்று பரிசோதனைத் தொட்டிகளில் நிரூபித்தார்கள். அதுவும் கால் அரும்பும் இளம்பருவத்தில் புகுந்தால்தான் விகாரம், பிந்திப் புகுந்தால் இல்லை. மீன் நத்தையைத் தின்னுமே, கிழவர் வாசல் வரைக்கும் வந்துவிட்டாரோ என்று எனக்கொரு ஆதங்கம்.

ஆனால் இவ்வளவும் படித்து மகிழ்ந்திருந்த வேளையில்தான் ஒரு சந்தேகம் குறுக்கிட்டது: ரோஸ்தானின் தவளைகளுக்கு இருந்தது மிகை, எங்கள் தொட்டியில் இருந்தது மெலிவு, அங்கே குற்றவாளி குளம், இங்கே குளத்தைவிட்டு வந்த பிறகல்லவா கால்களே முளைத்தன? விசாரணையைத் தொட்டியின் பக்கம் திருப்பினேன்.

வளர்ப்பில் தோன்றும் இம்மெலிவு தவளை வளர்ப்போருக்கு நெடுநாளைய தலைவலியாம். பூஞ்சை நோயால் காட்டில் அருகிவரும் தவளைகளைக் காப்பிடங்களில் வைத்துப் போற்றும் பனாமா நாட்டில், 'அடெலோபஸ் வேரியஸ்' என்னும் இனத்தின் 600 தலைப்பிரட்டைகளைச் சுண்ணச் சத்து வேறுபட்ட நீர்களில் வளர்த்துப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். சுண்ணம் குறைந்த நீரில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மெலிந்த கால். சுண்ணம் கூட்டிய நீரில் அது 15 சதவீத அளவுக்கு இறங்கியது. சுண்ணம் குறைந்த நீரிலும் பாஸ்பேட்டைச் சேர்த்தபோது கேடு தணிந்தது. விஷம் ஏதும் சேராமலே, இருக்கவேண்டிய உப்பு இல்லாமையாலேயே கால் கெடும் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான குதூகலம் சொல்லி முடியாது.

பையனைக் கூப்பிட்டு, தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினாய் என்றேன். "ஆர்.ஓ. தண்ணிதான் தாத்தா, அதுதானே சுத்தம்?" என்றான். கிணற்று நீரில் மருந்து ஊறியிருக்குமென்று அஞ்சி அத்தான் வாங்கி மாட்டிய யந்திரம், உப்புகளையும் வடித்துவிட்டுத் தரும் நீர் அது.

அன்று மாலையே அத்தானிடம் பனாமா விருத்தாந்தம் முழுவதையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிவில், "சுண்ணாம்பு சேர்த்த பிறகும் பதினைந்து மிச்சமிருக்கிறது என்றாயே, அதற்கு என்ன காரணமாம்?" என்றார். வேறு ஏதோ காரணங்களும் கலந்திருக்கவேண்டும், அவை பிடிபடவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"அது மருந்து" என்றார் அத்தான்.