தன்னைத் தானே அளக்கும் ரயில்

மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டில் ரெட்பேங்க் பாலத்தின் மேல் நின்றிருந்தேன். ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று உப்புக் குன்று. கீழே இரும்புத்தாது ரயில் வந்தது, வந்துகொண்டே இருந்தது. இந்தப் பாதையில் ஓடும் ரயில்களில் ஏறக்குறைய 270 வேகன்கள் இருக்கும். நீளம் மூன்று கிலோமீட்டரை நெருங்கும். ஒவ்வொரு வேகனிலும் நூறு டன்னுக்கு மேல் தாது. எஞ்சின் கண்ணுக்கு மறைந்த பிறகும் வால் பகுதி வந்து சேரவில்லை.

நியூமன் சுரங்கப் பகுதியிலிருந்து இங்கே வரை 426 கி.மீ. நீளும் பாதை இது. 1969 முதல் தாது சுமக்கிறது. ஓர் அச்சின் மேல் ஏறத்தாழ 40 டன் அழுத்துகிறது. உலகிலேயே மிகக் கனமான சுமை தாங்கும் பாதைகளில் ஒன்று. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். சூடேறிய தண்டவாளம் நீள இடமின்றி நெளியப் பார்க்கும். சக்கரம் தேயும், பேரிங் கொதிக்கும். செம்மண்ணும் ஸ்பினிஃபெக்ஸ் புல்லும் தவிர வேறெதுவும் இல்லாத வெளியில் ஒன்று முறிந்தால், பின்னால் வரும் ரயில்கள் அத்தனையும் நிற்க வேண்டியதுதான்.

என்னை அசரவைத்தது அதைத் தவிர்க்கும் ஏற்பாடு. இந்தப் பாதை ஓடும் பில்பரா வட்டாரத்தில், தாது ஏற்றிய வேகன்களுக்கு நடுவே, கருவி பொருத்திய சில வேகன்களும் தாது சுமந்தபடியே ஓடுகின்றன. மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழக ரயில்வே தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியவை. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது, கப்ளிங்கை எவ்வளவு விசை இழுத்தது, எந்த இடத்தில் குலுங்கியது என்பதையெல்லாம் அவை அளக்கின்றன. பாதையோரக் கருவிகள் பேரிங்குகளின் சூட்டைப் பார்க்கின்றன. மைக்ரோஃபோன்கள் அவற்றின் ஒலியைக் கேட்கின்றன. பானையைத் தட்டிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கும் அதே செவி நுட்பம்.

இப்படிப்பட்ட அளவுகளைத் தின்று வளர்வதுதான் ‘டிஜிட்டல் ட்வின்’, கணினிக்குள் வாழும் பாதையின் இரட்டை. வரைபடம் வரைந்த நாளோடு நின்றுவிடும். இரட்டையோ ஒவ்வொரு ரயில் போன பின்பும் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரே இடத்தில் குலுக்கல் வாரத்துக்கு வாரம் கூடினால், அடியில் ஜல்லி தளர்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பலாம். சுமையைக் கூட்டினால் என்னாகும் என்பதை, ஒரு வேகனையும் பணயம் வைக்காமல், இரட்டையில் ஓட்டிப் பார்க்கலாம். ரயில்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு மையம் இருப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பெர்த் நகரில். ஆனால் ஜல்லியை இறுக்கவும் தண்டவாளத்தை மாற்றவும் அந்த வெயிலில் மனிதர்கள்தான் இறங்க வேண்டும். எங்கே, எப்போது இறங்குவது என்பதை முன்கூட்டிச் சொல்ல இரட்டை உதவும்.

சரக்கு ஏற்றிச் செல்லும் ரயிலே பாதையின் பரிசோதகனாகவும் இருக்கிறது. அதற்கென்று போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை. கனரக ரயில் ஓட்டும் எந்த நாடும் பில்பராவிடம் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.