மரம் போர்த்த துவக்கு

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, "தாங்கள் வாழும் நாட்டின் பொருளொன்றைப் பற்றி எழுதுக" என்று மட்டுமே விதித்தனர். ஒஸ்திரிய நாட்டிலே, லின்ஸ் நகரை அடுத்த சிற்றூரொன்றில், தச்சுத் தொழிலாற் பல்லாண்டு சீவித்தவர் நாம். அந்நாட்டின் இசையைப் பற்றி எழுதியிருக்கலாம். மலைகளைப் பற்றி எழுதியிருக்கலாம். நாம் எழுதப் புகுந்ததோ வேட்டைத் துவக்கைப் பற்றி. இந்துக் கல்லூரியொன்றின் மலரில் இதற்கு இடமுண்டோ எனச் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். ஊனுண்ணாக் குடும்பத்திற் பிறந்து இன்றும் அந்நெறி வழுவாதிருக்கும் எமக்கே அவ்வையம் எழுந்ததுண்டு. மேலும், 1983 தொடக்கம் 2009 வரையுள்ள ஆண்டுகளை எம் மண்ணிற் கழித்தோர்க்குத் துவக்கு என்ற சொல்லே கசக்கும். இவற்றையெல்லாம் அறிந்தே எழுதுகின்றோம். தச்சன் ஒருவனுக்கு அத்துவக்கிலே கண்டதும் தொட்டதும் உண்டு, அவற்றையே சொல்வோம்.

எம் காலத்துக் கடேற் மாணவர் தோளிற் சுமந்து பயின்ற .303 லீ-என்பீல்ட் துவக்கைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். அதன் இரும்புக் குழல் ஏறக்குறைய நுனிவரை மரத்தாற் போர்க்கப்பட்டிருக்கும். சூடேறிய குழல் கையைச் சுடாதிருத்தற்கும், இடிபட்டு வளையாதிருத்தற்குமாகப் படைத்துவக்குகளை அவ்வாறு அமைத்தனர். வேட்டைத் துவக்குகளிலோ மரம் பெரும்பாலும் பாதிக் குழலோடு நின்றுவிடும்; எஞ்சிய குழல் வெறிதே நீண்டிருக்கும். இவ்வழக்கத்துக்குப் புறம்பாக, அல்ப்ஸ் மலைநாட்டு வேட்டைக்காரர் குட்டைக் குழலும் நுனிவரை மரமும் உடைய துவக்கொன்றைப் பேணி வந்தனர். யேர்மன் மொழியில் அதன் பெயர் 'ஸ்ருட்சன்'. ஆங்கிலம் பேசுவோர் அவ்வகைக் கட்டையை 'மான்லிக்கர் கட்டை' என்பர்.

பேர்டினன்ட் மான்லிக்கர் (1848–1904) தொழிலாற் புகையிரதப் பொறியியலாளர். ஸ்ரையர் நகரத் துவக்குத் தொழிற்சாலையைச் சார்ந்த ஒற்றோ ஷோனவரும் அவரும் சேர்ந்து ஆக்கிய துவக்கின் 1903ஆம் ஆண்டு மாதிரி கிரேக்க நாட்டின் படைக்கலமாயிற்று. அதே ஆண்டின் பெயரைத் தாங்கிய வேட்டை வடிவமே உலகெங்கும் பரந்தது. குழலின் நீளம் 45 சென்ரிமீற்றர். அதன் வாய் 6.5 மில்லிமீற்றர். ஷோனவர் வகுத்த அறையில் ஐந்து தோட்டாக்கள், குடைராட்டினத்திலே பிள்ளைகள் அமர்ந்திருப்பதுபோல, ஒரு சுழலச்சைச் சுற்றி அமர்ந்திருக்கும். தாழை முன்பின் தள்ள, ஒன்றன்பின் ஒன்றாக அவை வழுக்கிக்கொண்டு ஏறும். இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்றே தோன்றாது.

புகழுக்கும் குறைவில்லை. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ. டி. எம். பெல் (1880–1954) என்னும் ஸ்கொத்லாந்தினர், .275 றிக்பியையே மிகுதியாகக் கையாண்டாரெனினும், 6.5 மான்லிக்கரையும் கையாண்டார். யானையின் மண்டையோட்டை நெடுக்கே அறுத்து, மூளை இருக்குமிடத்தைக் கண்டறிந்தவர் அவர். அக்கொலைக் கணக்கு எமக்கு உவப்பன்று. எமிங்வே 1936இல் வெளியிட்ட பிரான்சிஸ் மக்கோம்பர் கதையிலே கணவனின் உயிரைப் போக்குவதும் இதே 6.5 மான்லிக்கர்தான். மனைவி எருமையைக் குறிவைத்தாளா, கணவனையே குறிவைத்தாளா என இலக்கியம் கற்போர் வழக்காடுவர். துவக்கின்மீது எவரும் பழிசொல்லக் கேட்டிலேம்.

அழகைச் சொல்லவேண்டுமாயின் ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்தல் வேண்டும். அக்குரோட்டு மரத்தின் கரிய வரிகள் கன்னம் பதியும் இடத்திலிருந்து குழல் நுனிவரை அறாது ஓடும். நுனியில் ஒரு சிறு உலோகக் கவசம். தாழின் கைப்பிடி கரண்டிக் காம்புபோலத் தட்டையாக மரத்தோடு படிந்து கிடக்கும். விசைகள் இரண்டு: பின்விசையை இழுத்து விட்டால் முன்விசை இறகு பட்டாலும் விடுபடும் நிலைக்கு வரும். பனிக்காலத்திற் கை குளிரிரும்பைத் தீண்டாது. பாறையிலே மோதினும் காயம் மரத்துக்கே. தொலைநோக்கி பொருத்துவது மட்டும் எளிதன்று.

இனிக் குறையைச் சொல்வோம். வெடி தீர்ந்த கணத்திற் குழல், மீட்டிய வீணை நரம்புபோல் அதிரும். நரம்பை விரல் எங்கே தொடுகின்றது என்பதைப் பொறுத்துச் சுரம் மாறுவதுபோல, குழலை மரம் எங்கே, எவ்வளவு அழுத்தமாகத் தொடுகின்றது என்பதைப் பொறுத்துக் குண்டு செல்லும் இடமும் மாறும். தொடும் இடம் ஒரே தன்மையாய் இருப்பின் கேடில்லை. ஆனால் மரம் அவ்வாறு இராது. மாரி காலத்தில் எம்மூர் வீட்டுக் கதவு நிலையோடு இறுகுவதை அறியாதார் யார்? மரம் நெடுக்கே நீள்வது மிகச் சிறிது, குறுக்கே பருக்கும். மெல்லிய நீண்ட மரமாயின் கோணவும் செய்யும். போதாக்குறைக்கு, அடுத்தடுத்துச் சுடும்பொழுது குழல் சூடேறி நீளும். நுனிக் கவசம் அதனைப் பிடித்து இழுக்கும். ஆகவேதான் இக்காலத்தார் குழலை மரத்தின்மீது படாமலே மிதக்க விடுகின்றனர். மரத்தையே நீக்கி, நீருறிஞ்சாத செயற்கைப் பொருளாற் கட்டை செய்வோரும் பலர்.

எம் அயலவர் ஒருவர் வனக்காவலர். பாட்டனார் வழிவந்த ஸ்ருட்சன் ஒன்று அவரிடம் இருந்தது. ஈர இலையுதிர் காலமொன்றில் அவர் சுட்ட சிறு மான், ஆட்டளவே உள்ள இனம், காயத்தோடு காட்டுக்குள் ஓடிற்று. இரவு முழுதும் நாயோடு தேடினார். விடியற்காலையில் ஓடையோரத்தில் அது இன்னும் உயிரோடு கிடந்தது. துவக்கை எம்மிடம் கொண்டுவந்தபொழுது, "இதனை நம்பலாமெனின் வைத்திருப்பேன், இயலாதெனின் சுவரில் மாட்டிவிடுவேன்" என்றார். அவர் மகனோ செயற்கைக் கட்டையுள்ள புதிய துவக்குக்கு விலை கேட்டு வந்துவிட்டான்.

"இஞ்சாருங்கோ, உந்தப் பாவத்துக்கு நாங்கள் ஏன் கைகுடுப்பான்?" என்றார் எம் இல்லாள். அவர் சுடுவதைத் தடுக்க எம்மால் இயலாது. மானை அரைகுறை உயிரோடு ஓடவிடும் மரத்தைத் திருத்த இயலும் என்றோம். அவர் உடன்பட்டிலர், இன்றும் உடன்படவில்லை. துவக்கு வீட்டு வாயிலைத் தாண்டக்கூடாதென்ற ஆணையோடு பேச்சு முடிந்தது. பின்புறக் கொட்டிலிலேயே வேலை நடந்தது.

வேலை பெரிதன்று, பொறுமையே பெரிது. குழலைக் கழற்றி, விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்து அதன் அடியிற் பூசினோம். மீண்டும் மரத்தில் அமர்த்தி எடுத்தால், தொட்ட இடமெல்லாம் கரி ஒட்டியிருக்கும். நுனிக்கு ஒரு சாண் இப்பால், இடப்பக்கத்திலே, மரம் பருத்துக் குழலை வலப்புறந் தள்ளிக்கொண்டிருந்தது. குண்டு வலப்புறம் விலகியதன் காரணம் அதுவே. கவசத்தின் அடியில், எண்ணெய் காணாத மரநுனி வழியாக ஈரம் ஏறியிருந்தது. அவ்விடத்தைச் சுரண்டி, மீண்டும் கரி பூசி, மீண்டும் சுரண்டி, ஒரு கடதாசித் துண்டு குழலுக்கும் மரத்துக்கும் இடையே தடையின்றி ஓடும்வரை செய்தோம். பின்னர் உள்ளும் நுனியும் ஆளிவிதை எண்ணெய் ஊட்டிப் பல நாள் உலரவிட்டோம்.

சோதனை சுடுகளத்தில் நடந்தது. மகன் ஐந்து தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுட்டான். 100 மீற்றர் தொலைவில் முதலிரண்டு குண்டுகள் அருகருகே பட்டன. குழல் சூடாக ஆக மற்றவை மேலேறி, ஐந்தாவது ஒரு சாணுக்கு அப்பாற் பட்டது. "பார்த்தீர்களா?" என்றான். தந்தை மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை தனியே சென்று, குளிர்ந்த குழலோடு ஒரேயொரு தோட்டாவைச் சுட்டுத் திரும்பினார். அவ்வாறே அதே தாளின்மீது ஐந்து காலைகள். ஒரு காலை மழை. ஒரு காலை மூடுபனி. ஐந்து துளைகளையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடலாம். அச்சிறு மானின் நெஞ்சுக் குழி அதனினும் அகன்றது.

எம் கருத்திற் சரியான சோதனை தந்தையினதே. பந்தயக் களத்திற் பத்துத் தோட்டாக்களை ஒரே துளையில் இறக்க விரும்புவோன் இத்துவக்கை வாங்கலாகாது. காட்டிலோ, மான் நிற்பது பெரும்பாலும் 100 மீற்றருக்கு உட்பட்ட தொலைவில். நிற்பதும் ஒரு வெடிக்கே. குளிர்ந்த குழலின் முதற் குண்டு எங்கே போகும் என்பதை அறிந்தவனுக்கு ஐந்தாவது குண்டின் வரலாறு வேண்டியதில்லை. அதனை அறிவதற்கு அவன் மரத்தை அறிந்திருத்தல் வேண்டும். செயற்கைக் கட்டை இத்தொல்லையைத் தராது. மறதியுள்ளவர்க்கு அதுவே நன்று என்று மகனிடமும் சொன்னோம்.

மான்லிக்கர்-ஷோனவர் துவக்குகள் செய்யப்படுவது 1970களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. கைவேலைக்குக் கூலி கட்டுப்படியாகாமையும் அதற்கொரு காரணம். பழையவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அயலவருடையது இன்னும் அவரிடமே உள்ளது. ஆண்டுதோறும் மூடுபனி தொடங்கும் வாரத்தில் அவர் அதனைக் கொட்டிலுக்குக் கொண்டுவருவார். நாம் கடதாசித் துண்டை ஓடவிட்டுப் பார்ப்போம். சென்ற ஆண்டு கவசத்துக்கு மூன்று விரலளவு இப்பால் அது தடைப்பட்டது. சுரண்டி எண்ணெயிட அரைமணி நேரம் சென்றது.