ஃபோர்ட்ரான் தாத்தாவும் ரூபி பேத்தியும்

பொட்டி தட்டாதவங்களும் தைரியமா உள்ளே வரலாம். கணக்கு கொஞ்சூண்டுதான் :-)

கட்டுமானத் துறையில் ஆராய்ச்சி பண்ணும் கல்லூரி நண்பன் ஒருத்தன் எல்லாத்தையும் ரூபியில்தான் எழுதுவான். நூத்துக்கணக்கான சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்கணுமாம். "மச்சான், லேபேக்கை ரூபியில இருந்து கூப்பிட ஒரு வழி பண்ணிக் குடுடா"ன்னான்.

லேபேக் 1992-ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் லைப்ரரி. பைத்தானில் நம்பை சமன்பாடு தீர்ப்பதும் இவர் தயவில்தான். ஃபோர்ட்ரான் பிறந்தது 1957, ரூபி 1995. தாத்தா பேசுறது பேத்திக்குப் புரியாது. நடுவுல உக்காந்து மொழிபெயர்க்கிற வேலைக்குப் பேருதான் பைண்டிங்.

தாத்தாவுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. எண்ணை நேரா நீட்டினா வாங்க மாட்டார், அது மெமரியில் இருக்கிற முகவரியைக் குடுக்கணும். விடையைத் தனியா தர மாட்டார், நாம குடுத்த எண்கள் மேலயே எழுதிடுவார். தீர்க்க முடியாத கணக்கு வந்தா கத்த மாட்டார். 'இன்ஃபோ'ங்கிற ஒரு எண்ணில் குறிச்சு வைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்து ரூபியில் எக்ஸப்ஷன் எழுப்புறது நம்ம பொறுப்பு.

இதெல்லாம் ரெண்டு ராத்திரி வேலை. வில்லங்கம் வேற இடத்தில்.

பள்ளிக்கூடத்துல படிச்ச நிரை, நிரல் ஞாபகம் இருக்கா? ரூபியில் அணியை நாம நிரை நிரையா எழுதுவோம். தாத்தா நிரல் நிரலா படிப்பார். அப்படியே அனுப்பினா அணி திரும்பிப் போயிடும்.

நண்பன் தன் கணக்கைப் போட்டுப் பார்த்தான். விடை கச்சிதம். "சூப்பர் மச்சான், நெட்ல ஏத்திடு, நாலு பேருக்கு உதவும்"ன்னான். நான் ஒத்துக்கலை. கட்டடத்தோட ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ் சமச்சீரானது. திருப்பிப் போட்டாலும் அதேதான்! அது சரியா வந்ததை வெச்சு எதையும் நம்ப முடியாது.

அதனால வேணும்னே ஒரு கோணல் அணியைக் குடுத்தேன். முதல் நிரை 1, 2. அடுத்தது 3, 4. வலப்பக்கம் 5, 11. விடை 1, 2-ன்னு மனக்கணக்காவே சொல்லிடலாம். வந்தது 6.5, -0.5. இன்ஃபோ? பூஜ்யம். அதாவது 'எல்லாம் சுபம்'!

அனுப்புறதுக்கு முன்னாடி அணியைத் திருப்பிப் போடுறதுதான் வைத்தியம். ஒரே ஒரு வரி.

புரோகிராம் செத்து விழுந்தா நல்லது, உடனே தெரிஞ்சிடும். தெம்பா தப்பு விடை சொல்றதுதான் பயம். நெட்ல இருந்து எடுக்கிறவர் அதை வெச்சு என்ன கணக்குப் போடுவார்னு நமக்குத் தெரியவா போகுது? "லேபேக்தானே, தப்பா இருக்காது"ன்னு நம்பிடுவார். கெட்ட பேர் தாத்தாவுக்கு!

நீங்களும் பைண்டிங் எழுதுற ஆளா? லட்சணமான அணியை வெச்சு சோதிக்காதீங்க சாமி. கோணலானதா பார்த்துக் குடுங்க.