மெல்லிய குரலில் ஒரு மறுப்பு

2019 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் அடுக்குமாடி வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். பிரேசில் பாடகர் ஜுவாவோ ஜில்பெர்டோ தன் 88ஆவது வயதில் ரியோ டி ஜெனிரோவில் இறந்துவிட்டார் என்று அலைபேசியில் செய்தி வந்தது. போஸா நோவா என்ற இசைவகையை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் என்ற அளவில் மட்டுமே எனக்கு அவரைத் தெரியும். அஞ்சலிக் குறிப்போடு இருந்த பாடலைத் தட்டினேன். ஒரு கிட்டார், ஒரு குரல். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்பதுபோலப் பாடினார்.

அப்பா இடியாப்பத்தில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "யாரும்மா இது? நம்ம ஏ.எம். ராஜா மாதிரி பாடுறாரே" என்றார்.

அப்பாவுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. சிரித்துவிட்டேன். பிறகு இருவரின் வாழ்க்கையையும் தேடிப் படித்தபோதுதான் அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பட்டது.

ராஜா 1929இல் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். ஜில்பெர்டோ 1931இல் பிரேசிலின் பாயியா மாநிலத்தில் பிறந்தவர். தமிழ் சினிமாப் பாட்டு நாடக மேடையிலிருந்து வந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று உச்சத்தில் பாடிய மரபு அது. மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் சுலபத்தில் போகவில்லை. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து முடித்து, 1951இல் ஜெமினியின் 'சம்சாரம்' படத்தில் பாட வந்த ராஜா, மைக் பக்கத்தில் இருக்கும்போது எதற்குக் கத்த வேண்டும் என்று நினைத்தவர்போலப் பாடினார். 1955இல் 'மிஸ்ஸியம்மா' வந்தபோது ஜெமினி கணேசனின் முகத்துக்கு அந்தக் குரல்தான் என்று ஆகிவிட்டது.

ஜில்பெர்டோ செய்ததும் இதைத்தான். பிரேசில் வானொலியிலும் பெருங்குரல்களின் காலம் அது. அவர் தன் அக்கா வீட்டில் தங்கி, குளியலறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, குரலை எவ்வளவு குறைக்க முடியும் என்று பழகியதாகச் சொல்வார்கள். 1958இல் முதல் போஸா நோவா இசைத்தட்டுக்காக ஸ்டூடியோவுக்குப் போனபோது குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு மைக் என்று கேட்டார். அப்போது அது வழக்கத்தில் இல்லாத கோரிக்கை. திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லி வாத்தியக்காரர்களின் பொறுமையைச் சோதித்தார். மறு ஆண்டு, 1959இல், ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' படத்துக்கு ராஜாவே இசையமைத்தார். பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

குரல்தான் மென்மை. ஆள் அப்படி இல்லை. ராஜா தன் பாட்டில் ஒரு அசைவைக்கூட விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவர். ஸ்ரீதரோடு 'விடிவெள்ளி', 'தேன் நிலவு' என்று தொடர்ந்த கூட்டு 1961க்குப் பிறகு இல்லை. ஜெமினிக்குப் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடத் தொடங்கினார். ராஜாவைப் பத்து வருடம் சினிமா ஏறக்குறைய மறந்தே போனது. மனைவி ஜிக்கியோடு மேடைக் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில் 'ரங்கராட்டினம்', 'புகுந்த வீடு' என்று சில படங்களில் திரும்பி வந்தார். அப்போதும் அதே தணிந்த குரல். ஜில்பெர்டோவும் அப்படித்தான். அரங்கின் குளிரூட்டி இரைகிறது, ஒலி சரியில்லை என்று மேடையிலேயே குறை சொல்வார். கடைசிக் காலத்தில் வீட்டுக் கதவைத் திறப்பதே அரிதாகிவிட்டது.

அப்பாவிடம் ராஜா பாட்டு டேப் ஒன்று இருந்தது. ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடையில் பதிந்து வாங்கியது. அப்பாவுக்கு ரயில்வே யார்டில் ஷண்டிங் வேலை. கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடத்தில் அப்போது யார்டுதான் இருந்தது. பெட்டிகள் மோதிக் கோர்க்கும் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கும். பகல் முழுக்க அந்த இரும்புச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு அந்த டேப்பைப் போடுவார். அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்காத அளவு ஒலியில்.

1989 ஏப்ரலில் ராஜா இறந்தார். கச்சேரிக்குப் போகும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில், ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே விழுந்து. அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இவ்வளவுதாம்மா இடைவெளி இருக்கும்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஓடுகிற ரயிலில் ஏறாதே என்று எங்களிடம் ஆயிரம் தடவை சொன்னவர். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்போது 13 வயது.

அடுத்த வருடம் தீபாவளிக்குக் கிள்ளானில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியப்பா கூடத்தில் நின்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். ஏதோ வியாபாரம், பணம் வேண்டும். "நான் வளர்த்துவிட்ட தம்பி, எனக்கே கணக்குப் பார்க்கிறியா?" வாசலில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா முகம் மாறி உள்ளே போய்விட்டார். திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன். அப்பா பயந்தவர் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை வைத்துக்கொண்டே வளர்ந்தேன். எனக்கு வாய்த்த சத்தமான குரலை, அவரிடம் இல்லாததை நான் சம்பாதித்துக்கொண்டதாக நினைத்தேன்.

அண்ணன் தம்பி இருவரும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. பெரியப்பா இறந்தபோது அப்பா கிள்ளானுக்குப் போய் எல்லாக் காரியமும் முடியும்வரை ஓரமாக நின்றார். அங்கேயும் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு சின்ன மறுப்புக்கு இவ்வளவு விலையா என்று இன்றும் எனக்குத் தோன்றும். ராஜாவின் பத்து வருடத்தைப் பற்றிப் படித்தபோதும் அதே எண்ணம் வந்தது. கொஞ்சம் வளைந்திருந்தால் நமக்கு இன்னும் எத்தனை பாட்டுகள் கிடைத்திருக்கும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜில்பெர்டோவை இரண்டாவது முறை போட்டுவிட்டு, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்குப் பெரியப்பாகிட்ட என்னப்பா சொன்னீங்க?"

அவருக்கு எந்த நாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கொடுக்க மாட்டேன் அண்ணே, அது பிள்ளைங்க படிப்புக் காசுன்னு சொன்னேன்."

அந்தக் காசில் படித்தவள் நான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமேப்பா. எங்க யாருக்கும் கேக்கலையே."

அப்பா தட்டை நகர்த்திவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டார்.

"அவருக்குக் கேட்டுச்சும்மா" என்றார்.