தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான் என்று அம்மா தினமும் சொல்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்று முடித்துவிடுகிறாள். நேற்று போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பிரசவமான முதல் சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். பலருக்கும் வருவதுதான், தானாக அடங்கிவிடும். உனக்கு ஐந்து வாரம் ஆகிறது. இன்னமும் அழுகிறாய், பிள்ளை தூங்கும்போதுகூட உனக்குத் தூக்கம் வரவில்லை என்கிறாய். இது உன் குணமுமில்லை, திருஷ்டியுமில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அப்படியென்றால் அதற்கு வைத்தியம் உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன, டாக்டர் பார்த்துக் கொடுப்பார்.

வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போடுவார்கள் அல்லவா? அன்றைக்கே நர்சம்மாவிடம் என்னிடம் சொன்னதை அப்படியே சொல். பிள்ளையின் எடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் பண்ணு. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதே. அம்மாவை எழுப்பு, 108-ஐக் கூப்பிடு.

பத்தியம் விஷயத்தில் அம்மாவோடு சண்டை போடாதே. பூண்டுக் குழம்பு நல்லதுதான், வயிறாரச் சாப்பிடு. தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதே, பால் கொடுக்கிற உடம்புக்குத் தாகம் எடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிடு. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அந்த மாத்திரையால்தான். காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, கண் மங்கும் அளவுக்குத் தலைவலி என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிப் பணம் உன் கணக்கில்தானே வருகிறது? பிள்ளைக்குக் கொலுசு வாங்கப் போவதாக அம்மா சொன்னாள். கொலுசு நான் வாங்கித் தருகிறேன். அந்தப் பணம் நீ முட்டையும் பழமும் கீரையும் சாப்பிடுவதற்கு.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். ராத்திரி நீ பால் கொடுத்ததும் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் தூங்கப் பண்ணுவது இனி அவர் பொறுப்பு. சரி என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறேன். மறுநாள் நர்சம்மாவிடம் சேர்ந்தே போவோம், தடுப்பூசி அட்டையை எடுத்து வை.

அன்புடன்,
அக்கா